வாரத்துக்கு எத்தனை நாள் தெரபி?

"தம்பி, வாரத்துக்கு எத்தனை நாள் கூட்டிட்டு வரணும்?"

பிசியோதெரபி படிக்க வந்த பிறகு நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். குழந்தைகள் பிரிவில் போஸ்டிங் போட்ட முதல் வாரத்திலேயே நான்கு அம்மாக்களாவது கேட்டிருப்பார்கள். எல்லாருமே செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளின் அம்மாக்கள். சீனியர்களிடம் கேட்டேன். ஒருவர் "தினமும் வரணும்" என்றார். இன்னொருவர் "வாரம் மூணு போதும்" என்றார். மூன்றாமவர் "அவங்களால எவ்வளவு முடியுதோ அவ்வளவு வரட்டும்" என்றார். ஏன் அந்த எண்ணிக்கை என்று யாரையும் நான் கேட்கவில்லை. லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறதே! :-)

ஆனால் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பாரசிட்டமால் என்றால் குழந்தையின் எடைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை முறைக்கு மேல் கூடாது என்று அளவு இருக்கிறது. தெரபிக்கு மட்டும் ஏன் ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள்? கொஞ்ச நாளாக இதைத் தேடிப் படித்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம் (பிசியோ நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்). வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், கருவிலோ பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்படும் பாதிப்பால், உடல் அசைவும் நிற்கும் உட்காரும் நிலையும் வாழ்நாள் முழுக்கச் சிரமமாவதைத்தான் செரிப்ரல் பால்சி என்கிறோம். தமிழில் பெருமூளை வாதம், மூளை முடக்குவாதம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். மூளையில் பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் குழந்தை வளர வளர எலும்பு நீளும், இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காமல் இழுக்கும், மூட்டு மடங்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் பாதிப்பு ஒரே அளவு கிடையாது. கனடாவில் ராபர்ட் பலிசானோவும் அவர் குழுவினரும் 1997-ல் வெளியிட்ட ஐந்து நிலைப் பிரிவைத்தான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலைக் குழந்தை தானாக நடக்கும், ஓடும். மூன்றாம் நிலைக் குழந்தைக்கு வாக்கரோ குச்சியோ வேண்டும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்பதே கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அதிகம் கொடுத்தால் அதிகம் கிடைக்குமா?

கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அம்மாக்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தெரிந்த ஒரு குடும்பம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் சென்டரில் 90 நாள் 'பேக்கேஜ்' கட்டியிருந்தது. காலையில் அங்கே, மாலையில் வேறோர் இடத்தில். நகை அடகுக் கடைக்குப் போய்விட்டது. அந்தக் குழந்தை தினமும் காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு லீவா?"

ஆராய்ச்சிகள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது.

1988-ல் அமெரிக்காவில் பால்மர் என்பவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இரண்டு கால்களும் இறுகிய 48 கைக்குழந்தைகள், 12 முதல் 19 மாத வயது. ஒரு பாதிக்கு ஓர் ஆண்டு முழுக்க பிசியோதெரபி. மறுபாதிக்கு முதல் ஆறு மாதம் விளையாட்டு, பேச்சு, பொருட்களைக் கையாளுதல் என்று பொதுவான வளர்ச்சித் தூண்டல், அதற்குப் பிறகுதான் பிசியோ. ஆறு மாதம் கழித்து அளந்தார்கள், ஓர் ஆண்டு கழித்தும் அளந்தார்கள். இரண்டு முறையும் முன்னால் இருந்தது விளையாடிய குழுதான்! இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. படிப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று கூட யோசித்தேன்.

2001-ல் பிரிட்டனில் பவர் என்பவரின் குழு 56 குழந்தைகளை 18 மாதம் தொடர்ந்து பார்த்தது. அதில் ஆறு மாதம் சிலருக்கு வழக்கமான அளவு தெரபி, சிலருக்கு மிகத் தீவிரமான தெரபி. புள்ளிவிவரப்படி பெரிய வித்தியாசம் இல்லை. தீவிரக் குழுவில் கொஞ்சம் முன்னேற்றம் தலைகாட்டியதும், தெரபி பழைய அளவுக்குத் திரும்பிய அடுத்த ஆறு மாதத்தில் குறைந்துபோனது. அத்தனை தெரபி குழந்தைகளைக் களைப்படையவைத்தது, குடும்பத்துக்கு மன அழுத்தம் தந்தது, பலரால் முழுதாகக் கடைப்பிடிக்கவும் முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இது பணமும் நேரமும் இருக்கிற நாட்டில். இரண்டு பஸ் மாறி வருகிற நம்ம ஊர் அம்மாவை யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் தெரபியே வீண் என்று அர்த்தமா? இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2020-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஜாக்மன் குழு ஒரு கணக்குச் சொன்னது. ஒரு குறிப்பிட்ட காரியத்தை (சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி) குழந்தை கற்றுக்கொள்ள அந்தக் காரியத்தையே 14 முதல் 25 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்ய வேண்டும். கையின் பொதுவான திறனே கூட வேண்டுமென்றால் 30 முதல் 40 மணி நேரத்துக்கு மேல். இதில் வீட்டில் செய்யும் பயிற்சியும் சேர்த்தி. ஆக, அளவு முக்கியம்தான். பத்து நிமிடம் செய்துவிட்டு வரவில்லை என்று சொல்லவும் முடியாது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் புரிந்த வரை, முதல் வகையில் 'தெரபி' எத்தனை மணி நேரம் என்று எண்ணினார்கள். இரண்டாவது வகையில் குழந்தை தான் செய்ய விரும்பும் காரியத்தை எத்தனை மணி நேரம் தானே செய்தது என்று எண்ணினார்கள். குழந்தை மேட்டில் படுத்திருக்க நாம் காலை மடக்கி நீட்டுகிற ஒரு மணி நேரமும், குழந்தை வியர்த்து விறுவிறுத்து ஒரு படி ஏற முயல்கிற ஒரு மணி நேரமும் பில்லில் ஒரே விலைதான். மூளைக்கு ஒரே விலை இல்லை. அயோனா நோவாக் குழுவினர் சிகிச்சைகளைச் சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து 2013-லும் 2020-லும் வெளியிட்ட தொகுப்புகளும் இதையேதான் சொல்கின்றன. இலக்கு வைத்துக் குழந்தையே செய்யும் பயிற்சிக்குப் பச்சை. தெரபிஸ்ட் செய்ய, குழந்தை சும்மா இருக்கும் முறைகளுக்குப் பச்சை இல்லை.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 2001 ஆய்வில் குறிப்பான இலக்கு எழுதிவைத்துச் செய்ததும் தனியாகப் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. ஆகவே நோட்டில் 'கோல்' என்று ஒரு வரி எழுதினால் மட்டும் போதாது. அந்தக் காரியத்தையே செய்து பழக வேண்டும்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம்

வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 45 நிமிடம் வந்தால் இரண்டேகால் மணி நேரம். மிச்சம் கிட்டத்தட்ட 166 மணி நேரம் குழந்தை எப்படி உட்காருகிறது, எப்படித் தூங்குகிறது, யார் தூக்குகிறார்கள், காலில் ஸ்பிளின்ட் இருக்கிறதா, பள்ளியில் பெஞ்சு எப்படி என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

தசை இறுகாமல் இருக்க இழுத்துவிடுவோமே, ஸ்ட்ரெச்சிங், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் தார்தியூ குழு 1988-ல் கெண்டைக்கால் தசையை வைத்துப் பார்த்தது. ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நீண்ட நிலையில் இருந்த தசை இறுகவில்லை. இரண்டு மணி நேரம் மட்டும் இருந்த தசை இறுகிக்கொண்டே போனது. ஆறு மணி நேரம்! எந்த தெரபிஸ்டின் கையும் அதற்குப் போதாது. அதைச் செய்யவேண்டியது ஸ்பிளின்ட்டும், நிற்கவைக்கும் ஸ்டாண்டிங் ஃப்ரேமும், உட்காரும் நாற்காலியும். கையால் இழுக்கும் சில நிமிடங்களுக்காகத் தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய்வரச் சொல்வது நியாயமா?

"அஞ்சு வயசுக்குள்ள முடிச்சிடணும்"

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. பல சீனியர்கள் சொல்வது. பெற்றோரைத் தூங்கவிடாமல் செய்வதும் இதுதான். "அஞ்சு வயசுக்குள்ள எவ்வளவு கொடுக்கறமோ அவ்வளவுதான், அப்புறம் ஒண்ணும் வராது."

இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2002-ல் கனடாவின் ஒன்டாரியோவில் பீட்டர் ரோசன்பாம் குழு 657 குழந்தைகளைப் பின்தொடர்ந்து இயக்க வளர்ச்சிக்கு வளைகோடுகள் வரைந்தது. முதல் நிலைக் குழந்தைகள் தங்களால் எட்ட முடிந்த இயக்கத் திறனில் 90 சதவீதத்தைச் சுமார் 4.8 வயதில் எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலைக் குழந்தைகள் சுமார் 2.7 வயதிலேயே. அதற்குப் பிறகு கோடு தட்டையாகிறது.

இந்தக் கோட்டைப் பார்த்து "சீக்கிரம், சீக்கிரம், நிறைய, நிறைய" என்று சிலர் படிக்கிறார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுபிடிக்க முடிகிற காலம் இது. ஆனால் அந்தக் கோடு உட்காருதல், தவழுதல், நடத்தல் ஆகியவற்றை மட்டும் அளக்கிற கோடு. வாக்கரைப் பிடித்துக் கடைக்குப் போவது, சக்கர நாற்காலியைத் தானே ஓட்டுவது, சட்டை போடுவது, படம் காட்டித் தன் விருப்பத்தைச் சொல்வது, நண்பன் பிடிப்பது எதுவும் அதில் இல்லை. இவற்றை ஐந்து வயதுக்குப் பிறகும் கற்கலாம், பதினைந்திலும் கற்கலாம். ஐந்து வயதோடு கதவு மூடிவிடும் என்று பயமுறுத்திக் குழந்தையின் முதல் ஐந்து வருடத்தையும் தெரபி அறைக்குள் கழிக்கவைத்தால், அந்த வயதில் மற்றக் குழந்தைகள் கற்பதை (மண்ணில் விளையாடுவது, சண்டை போடுவது, அடம்பிடிப்பது) இந்தக் குழந்தை எப்போது கற்கும்?

ஒரு படி

என் போஸ்டிங்கில் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறு வயது, மூன்றாம் நிலை. வாரம் ஐந்து நாள், இரண்டு பஸ் மாறி வருவார்கள். பையனின் தினசரிக் கணக்கு எங்களுக்கு மனப்பாடம்: ஸ்ட்ரெச்சிங், பெரிய பந்து, முட்டிபோட்டு நிற்பது, பேரலல் பாரில் நாலு நடை. பாதி நாள் அழுகை. இதற்காகப் பள்ளியில் மத்தியானமே அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பவேண்டும்.

ஒரு நாள் அவன் தண்ணீர் பாட்டில் திறக்காமலே இருப்பதைப் பார்த்து, "ஏன்க்கா, குடிக்க மாட்டானா?" என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். "ஸ்கூல் நாள்ல குடிக்க மாட்டான் தம்பி. அங்க பாத்ரூமுக்கு ஒரு படி இருக்கு. ஏற முடியாது. யாரையாவது தூக்கச் சொல்லணும், வெக்கப்படறான்" என்றார்.

ஒன்றரை வருடமாக வருகிற பையன். ஒரு படி ஏற முடியாததால் தண்ணீர் குடிப்பதில்லை. அவன் கேஸ் ஷீட்டில் அது எங்கேயும் இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் சாரிடம் சொன்னேன். அவர் உடனே திட்டத்தை மாற்றினார், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆறு வாரம், ஒரே இலக்கு: கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறி இறங்குவது. எங்களிடம் வாரம் இரண்டே நாள். மற்ற நாட்களில் வீட்டு வாசல்படியில் அப்பாவோடு அரை மணி நேரம். பள்ளியில் பேசி அந்தச் சுவரில் ஒரு பைப் அடிக்கச் சொன்னோம். தினம் அரை மணி நேரம் என்றால் ஆறு வாரத்தில் 21 மணி நேரம் வருகிறது. (மேலே சொன்ன 14–25 கணக்கு கைப் பயிற்சிக்கானது, படி ஏறுவதற்கு அப்படியே எடுத்துப்போடக் கூடாது. ஆனாலும் ஓர் உத்தேசம் வேண்டுமே.) ஐந்தாவது வாரக் கடைசியில் ஏறினான். இறங்கும்போது இன்னும் கொஞ்சம் தடுமாற்றம்.

ஒரு பையனின் கதை ஆராய்ச்சி ஆகாது, தெரியும். அந்த பைப் அடித்ததுதான் பாதி வேலையைச் செய்தது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் பைப் அடிப்பதும் தெரபிதான் என்பதுதானே என் வாதமே!

இலக்கை எட்டியதும் அவன் அம்மா கேட்டார், "இனிமே வர வேண்டாமா தம்பி?" குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். தெரபியை நிறுத்தினால் பிள்ளையைக் கைவிட்ட மாதிரி என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

குறைவு என்பது சாக்கு ஆகக் கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கை. "அதிகம் தேவையில்லை" என்று நான் எழுதுவதைப் பிடித்துக்கொண்டு, மாதம் ஒரு முறை பத்து நிமிடம் பார்த்து அனுப்பினால் போதும் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. நம் கிராமங்களில் பல குழந்தைகளுக்குப் பிரச்சினை அளவுக்கு மீறிய தெரபி அல்ல, தெரபியே இல்லாதது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செரிப்ரல் பால்சியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் இருப்பது வாசல்படிக்கு வந்துசேர ஆள் வேண்டும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம் ஊர் ஊராகப் பணியாளர்களை அனுப்பி வீட்டிலேயே பெற்றோருக்குப் பழக்குகிறது. அம்மாவைப் பஸ் ஏற்றுவதற்குப் பதில் தெரபியை பஸ் ஏற்றுகிற அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்று. தெரபி நாட்களைக் குறைத்தாலும் குறைக்கக் கூடாதவை சில உண்டு. முக்கியமானது இடுப்பு மூட்டு எக்ஸ்ரே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 323 குழந்தைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 35 சதவீதம் பேருக்கு இடுப்பு மூட்டு இடம்பெயர்ந்திருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதம். முதலில் வலிக்காது, வெளியே தெரியாது. வாரம் ஆறு நாள் தெரபிக்கு வந்தும் ஒரு முறை கூட இடுப்பு எக்ஸ்ரே எடுக்காத குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

மாணவன்தான், பெரிய வார்த்தை சொல்லத் தகுதி இல்லை. ஆனாலும் என் கருத்து இது. "எத்தனை நாள்?" என்ற கேள்வியைக் கடைசியில் கேட்கவேண்டும். அதற்கு முன் மூன்று கேள்விகள்.

1. எதற்காக? "நன்றாக நடக்க" என்று பொதுவாகச் சொன்னால் செல்லாது. வாசல்படி, பள்ளி பாத்ரூம், தட்டிலிருந்து தானே சாப்பிடுவது என்று கண்ணால் பார்க்கும் ஒரு காரியம் வேண்டும். முடிந்தால் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

2. அது எங்கே நடக்கும்? பாத்ரூம் படியைப் பழகவேண்டியது படியில்தான், பந்தின் மேல் இல்லை.

3. எப்போது நிறுத்திப் பார்ப்போம்? ஆறு வாரமோ எட்டு வாரமோ, தேதி போட்டுவிட வேண்டும். எட்டியிருந்தால் ஓய்வு, பிறகு அடுத்த இலக்கு. எட்டவில்லை என்றால் முறையை மாற்றவேண்டும், கண்ணை மூடிக்கொண்டு நாட்களைக் கூட்டக் கூடாது. கனடாவில் திராஹான், மலூவன் இருவரும் 2002-ல் நான்கு வாரம் தீவிரப் பயிற்சி, எட்டு வாரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்துபார்த்தார்கள். ஐந்தே குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் ஓய்வுக் காலத்தில் கற்றது மறந்துபோகவில்லை.

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வாரத்துக்கு எத்தனை நாள் என்பது அநேகமாகத் தானே வந்துவிடும். ஒரு குழந்தைக்கு ஆறு வாரம் தினமும் தேவைப்படலாம். இன்னொரு குழந்தைக்கு ஆண்டுக்கு நாலு முறை வந்து ஸ்பிளின்ட்டும் நாற்காலியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போனாலே போதும். அறுவை சிகிச்சை முடிந்த பிறகோ, திடீரென்று உயரம் கூடும் வயதிலோ மீண்டும் கூட்டவேண்டி வரும்.

கிளாஸ்மேட்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அம்மா "எத்தனை நாள் தம்பி?" என்று கேட்டால், சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லாதீர்கள். "வீட்டில, ஸ்கூல்ல இவனுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், உங்கள் தெரபிஸ்டிடம் "எதுக்காக, எது வரைக்கும்?" என்று தைரியமாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் அவருக்கும் பதில் தெரியாது என்று அர்த்தம்.

நான் சொன்னதில் தவறு இருந்தால், குறிப்பாக அனுபவமுள்ள சீனியர்கள், திருத்துங்கள். திட்டவும் செய்யலாம், லாக்புக் இப்போது முடிந்துவிட்டது :-)